குக்கரைச் செருகியது நான்

ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று பதினெட்டு வருடங்களுக்கு முன் ஓர் அட்டவணை போட்டேன். நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான பிஸ்கட்டவேயிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வந்துவிட்டன. முதலில் மின்னஞ்சலில் போனது, பிறகு வாட்ஸ்அப்பில். முன்பின் பார்த்திராதவர்கள் ஓக் ட்ரீ ரோட்டுக் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி, "அங்கிள், உங்க ஸ்விஸ் ஷீட் சூப்பர். அஞ்சு நாள்ல மொத்தத்தையும் கவர் பண்ணிட்டோம்" என்பார்கள். நான் கையில் வெண்டைக்காயோடு நின்று சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

அட்டவணையில் எதுவும் பொய் இல்லை, ஒன்றைத் தவிர. ஊருக்குள் கார் விடமாட்டார்கள், அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏற வேண்டும் என்று எழுதியிருந்தேன். அது சரி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பாலும் தயிரும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். அதுவும் சரி. தெருவோரத் தொட்டிகளில் விழும் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். விடிந்ததும் தொலைக்காட்சியைப் போட்டால் ஓர் அலைவரிசையில் சிகரத்தின் மேலிருந்து நேரடிப் படம் ஓடும். அதில் மேகம் இல்லையென்றால் மட்டும் கேபிள் காருக்குச் சீட்டு வாங்க வேண்டும். அனுபவித்து எழுதிய வரிகள் இவை.

பொய் மூன்றாம் நாளில் இருக்கிறது. "காலை 7.00: முதல் கேபிள் கார். 8.00 முதல் 12.00 வரை: சிகரம், பனிக்குகை, புகைப்படங்கள். மதியம் 1.30: அறையில் சாப்பாடு தயாராக இருக்கும்."

தயாராக இருக்கும். சாப்பாடு தானாகத் தயாராகிவிடும் என்பதுபோல ஒரு வரி. ஒரு மனுஷியை அடுப்படியில் நிறுத்திவிட்டு, அவள் அங்கே இருந்தாள் என்பதைக்கூட எழுதாமல் விட்டவன் நான்.

எப்படி அவளை நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று குடும்பம், பதினோரு பேர் போனோம். நான், என் மனைவி, அப்போது பதினாறு வயதான எங்கள் மகள். என்னோடு கல்லூரியில் படித்து, இப்போது எங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் சென்னை நண்பர், அவர் மனைவி, இரண்டு பையன்கள். என் நிறுவனத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், அவர் மனைவி, மாமியார், ஒரு குழந்தை. நான் வேதிப் பொறியாளன். ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கொதிகலன்களும் குழாய்களும் என் பொறுப்பில் இருந்தன. பயணம் முழுக்க என் பொறுப்பு. யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் எல்லோரும் சைவம். அந்த ஊரில் நமக்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்காது என்று போகும் முன்பே நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். பச்சைப் பொய். உருளைக்கிழங்கைத் துருவி முறுகலாகச் சுட்டுத் தருகிறார்கள், பாலாடைக்கட்டியை உருக்கிக் கொடுக்கிறார்கள். அங்கே ஏழை பணக்காரன் எல்லோரும் சாப்பிடுவது அதைத்தான். ஆனால் நமக்குச் சோறு வேண்டுமே. ஆல்ப்ஸ் மலை வரைக்கும் போய் ரசம் குடித்தால்தானே நமக்கு நிம்மதி. ஆகவே விடுதி வேண்டாம், அடுப்படியோடு கூடிய வீடு எடுப்போம் என்றேன். பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்பளம், எங்கள் வீட்டுப் பெரிய ரைஸ் குக்கர் எல்லாம் நியூ ஜெர்சியிலிருந்து பெட்டியில் வந்தன.

என் மனைவி இயற்பியல் படித்தவள். கோபிச்செட்டிபாளையத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான்கு வருடம் பாடம் எடுத்தாள். கல்யாணமாகி என்னோடு இங்கே வந்தபோது சார்ந்தோர் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு கிடைத்தபோது மகள் கைக்குழந்தை. பிறகு நான் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. அவள் ஆசிரியையாக இருந்ததை எங்கள் நண்பர்கள் மறந்துவிட்டார்கள். நானும் வசதியாக மறந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடுப்படியில் நான் பெருமையோடு ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அமெரிக்க முள்ளை ஸ்விஸ் துளைக்குள் பொருத்தும் சின்ன அடாப்டர். அவள் குக்கரைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள்.

"ஏனுங்க, இது நூத்திப்பத்து வோல்ட்டுங்க. இங்க இருநூத்தி முப்பது."

"அதுக்குத்தான அடாப்டர் வாங்கியிருக்கேன்."

"அதுல பின்னுதானுங்க மாறுது. வோல்டேஜ் எங்கீங்க மாறுது? ரெண்டு மடங்கு வோல்டேஜுன்னா நாலு மடங்கு சூடு. காயில் எரிஞ்சு போயிருமுங்க."

சென்னை நண்பரின் மனைவி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்குமோ என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது. அவர் இரண்டு கை வெங்காயத்தை அள்ளிக்கொண்டு தொட்டிப் பக்கம் போகும்வரை காத்திருந்தேன். பிறகு மெதுவான குரலில் மனைவியிடம் சொன்னேன்:

"இது உன்னோட பிளஸ் டூ கிளாஸ் இல்ல. பேசாம அரிசியக் கழுவு."

அவள் கழுவினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்தான் முதலில் எழுந்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அரிசியும் தண்ணீரும் அளந்து குக்கரில் வைத்திருந்தாள், செருகவில்லை. நான் செருகினேன். ஏன் என்று பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு முந்தின நாளே தெரியும். நான் பொறியாளன், தெரியாமல் இருக்குமா? சொன்னது அவள் என்பதால் செருகினேன். வேறு காரணம் கிடையாது.

முதலில் ஒரு உறுமல். பிறகு பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம். டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. எல்லா அறைக் கதவுகளும் திறந்தன.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே நண்பர் பனியனோடு ஓடி வந்தார்.

எனக்குக் கீழே வேலை பார்த்தவர் அவர் பின்னால் நின்றார். திங்கட்கிழமைகளில் என் எதிரே உட்கார்ந்து பாதுகாப்பு அறிக்கை வாசிப்பவர். ஒரு வால்வு கசிந்தால்கூட அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான். அவர் குக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவதான்" என்றேன். "வோல்டேஜ் பாக்காம செருகிட்டா."

அவள் தலையில் துண்டு கட்டியபடி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் ஃப்யூஸ் பெட்டியைத் தேடுகிறவன்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்து, "இல்லை, அவர்தான்" என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர் முன்னால் என்னைக் குனிய வைக்கக் கூடாது என்று விட்டாள். நான் அவளைக் குனிய வைத்த அதே நிமிடத்தில்.

"என்ன சிஸ்டர், விட்டா சுவிஸ் கவர்மென்டையே கொளுத்திருவீங்கபோல" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

அதன்பிறகு சோறு பானையில்தான் வெந்தது. கண்ணாடி மேல்தளம் போட்ட மின்னடுப்பு, ஜெர்மன் எழுத்துப் பொத்தான்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளாவிட்டால் பொங்கி வழியும், இல்லை அடி பிடிக்கும். யார் நிற்பது என்ற கேள்வியே எழவில்லை. குக்கரை எரித்தவள் நிற்க வேண்டியதுதான். யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மற்ற பெண்களெல்லாம் மறுநாளிலிருந்து நிம்மதியாக ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் காலை தொலைக்காட்சியில் சிகரம் துடைத்துவிட்டதுபோல நின்றது. எல்லோரும் பரபரத்தார்கள். அவளும் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டினாள், குல்லாகூடப் போட்டுக்கொண்டாள். பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி இன்னும் போடவில்லை.

"நீ இரு" என்றேன். "இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்பணும். சோறு ஆகாது. நாங்க போயிட்டு ஒன்றரைக்கு இறங்கிருவோம். நீ ரெடி பண்ணி வை. சாப்பிட்டுட்டு உன்ன நான் தனியா கூட்டிட்டுப் போறேன்."

"மத்தியானம் மேகம் வந்துருமுங்களே."

"வராது. நான் சொல்றேன்ல?"

குல்லாவைக் கழற்றி அடுப்படி மேசைமேல் வைத்தாள். சிவப்புக் குல்லா.

நாங்கள் பத்துப் பேர் சிகரத்தில் நின்றோம். அதைப் பற்றி இங்கே வர்ணிக்க மாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை. ஒன்றரைக்கு இறங்கினோம். சோறு, மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் எல்லாம் தயாராக இருந்தன. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களையெல்லாம் இதுல பாத்தேன்" என்று பரிமாறிக்கொண்டே சொன்னாள். "கம்பி ஓரமா நின்னு கையாட்டினீங்க. எறும்பாட்டம் தெரிஞ்சீங்க."

நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். உயரத்தில் நின்றதில் தலை வலித்தது. "ஒரு அரை மணி நேரம் படுத்துக்கறேன்" என்று சொல்லிப் படுத்தேன். எழுந்தபோது மணி நான்கு. சிகரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. மறுநாள் மழை. அதற்கு மறுநாள் ஊர் திரும்பினோம்.

அந்த நாட்களில் நாங்கள் ஒவ்வொரு மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குள் நடந்திருக்கிறாள். மலையேறும்போது விழுந்து செத்தவர்களுக்கு அந்த ஊர்த் தேவாலயத்தை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. என் அட்டவணையில் அது கிடையாது. அவள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லிலும் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம், பெரும்பாலும் இருபதுகள். எலி ஏறாமலிருக்கத் தட்டைக் கற்களின் மேல் தூக்கி வைத்துக் கட்டிய பழைய மரக் களஞ்சியங்களைப் பார்த்தாளாம். இதெல்லாம் பல வருடம் கழித்து, யாரோ கேட்டபோது அவள் சொல்லக் கேட்டு எனக்குத் தெரிந்தது. கூடவே, "மேல எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?" என்று கேட்பவர்களிடம் மேலே எப்படி இருந்தது என்றும் அவள் சொல்வாள். பனிக்குகையில் நீல வெளிச்சம், மூச்சு விட்டால் புகை, கம்பி ஓரத்தில் நின்றால் மூன்று நாட்டு மலைகள் என்று எங்களிடம் கேட்டதை வைத்தே சொல்வாள். "நான் போகலை" என்று சொன்னால், "ஏன் போகலை?" என்று அடுத்த கேள்வி வருமே. அந்தக் கேள்வி என்னிடம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

குக்கர் கதை மட்டும் நிற்கவில்லை. எங்கள் வட்டத்தில் எந்த வீட்டில் விருந்து என்றாலும், அவள் மிக்ஸி பக்கம் போனால் போதும். "ஆன்ட்டி, வோல்டேஜ் பாத்தீங்களா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிறந்ததிலிருந்து அதைக் கேட்ட பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இயற்பியல் ஆசிரியையைப் பார்த்து, வோல்டேஜ் தெரியாதவள் என்று ஒரு ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தான்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. பிழைத்துவிட்டாள், ஆனால் நுரையீரல் பழையபடி இல்லை. "இந்த சம்மர்ல உயரமான இடத்துக்குப் போகலாம். அடுத்த வருஷம் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். சான் ஹோசேயில் இருக்கும் மகள் அதைக் கேட்டதும் அதே ஊருக்கு எல்லோருக்கும் டிக்கெட் போட்டாள். அவள், அவள் கணவன், இரண்டு குழந்தைகள், நாங்கள் இருவர்.

"நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

மகள் வீடியோ அழைப்பில் என்னைத் தனியாகப் பிடித்தாள். தமிழ் புரியும், பேசுவது எப்போதும் ஆங்கிலம்தான். அம்மாவுக்கு எதிலுமே ஆசை கிடையாது, அவளை என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பொரிந்தாள். போன தடவையும் அம்மா மேலே வரவில்லையே, ஏன் என்று தான் கேட்டதற்கு, "எனக்கு அடுப்படியே போதும் கண்ணு" என்றுதானே சொன்னாள் என்றாள்.

அவள் மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் மகளிடம் தன்னையே ஒரு அடுப்படிப் பூனையாகக் காட்டியிருக்கிறாள். மகளும் பதினெட்டு வருடம் அதை நம்பியிருக்கிறாள். நான் திரையைப் பார்த்தபடி, "பேசிப் பாக்கறேன்மா" என்றேன். அன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. கோழை.

ஏப்ரலில் மகள் ஒரு வாரம் வந்தாள். சனிக்கிழமை மதியம் பழைய இரண்டு குடும்பங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சென்னை நண்பரின் பெரிய மகன் தன் புது மனைவியோடு வந்திருந்தான். அவர்களும் போன வருடம் என் அட்டவணையை வைத்துக்கொண்டு, அவன் பெற்றோரோடும் சித்தப்பா குடும்பத்தோடும் அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள்.

இலை போட்டுப் பரிமாறும் முன் மகள் ஒரு பெட்டியை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். ரிப்பன் சுற்றியிருந்தது. உள்ளே பயணத்துக்கான சின்ன ரைஸ் குக்கர். எந்த நாட்டு மின்சாரத்திலும் ஓடும், இதை அம்மாவாலும் எரிக்க முடியாது என்று மகள் ஆங்கிலத்தில் அறிவித்தாள். வீடே அதிரச் சிரித்தது.

"செக் பண்ணிக்குங்க சிஸ்டர், வாரண்டில நெருப்புக்கும் கவர் இருக்கானு" என்றார் நண்பர்.

அவள் குக்கரைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். அதே கைகள், அதே மாதிரி. "நூறுல இருந்து இருநூத்தி நாப்பது. நல்லதுதான் கண்ணு" என்றாள்.

நான் எழுந்தேன். "அன்னைக்குக் குக்கரைச் செருகினது நான்" என்றேன்.

சிரிப்பு நிற்கவில்லை, இன்னும் கூடியது. "பாருடா, வயசான காலத்துல பொண்டாட்டியக் காப்பாத்தறத!" என்று நண்பர் தொடையைத் தட்டினார். எனக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், "சார் எப்பவுமே ஜென்டில்மேன்" என்றார்.

"டேய், வாயை மூடுங்கடா!" என்று கத்தினேன். நாற்பது வருட நட்பில் நான் அவர்களை டேய் என்று கூப்பிட்டதில்லை. "நான்தான் செருகினேன். செருகக் கூடாதுன்னு இவ முந்தின நாளே சொன்னா. கணக்குப் போட்டே சொன்னா. நீ பேசாம அரிசியக் கழுவுன்னு சொல்லிட்டு நான் செருகினேன். எரிஞ்சதும் இவ மேல போட்டேன். உங்க முன்னால என் மானம் போகக் கூடாதுன்னு போட்டேன். அதனாலதான் இவ கீழ நின்னு உங்களுக்கெல்லாம் ரசம் வெச்சா. இவ மேல போகவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் போகல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று சொன்னால்தான் நம்புவார்கள்போல. அவள் குக்கரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "சோறு ஆறுது. எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நண்பர் தரையைப் பார்த்தபடி, "சரி விடுப்பா, பழைய கதை" என்றார்.

அப்போதுதான் அவருடைய மருமகள் பேசினாள். அந்தப் பெண் அதுவரை யாரிடமும் அதிகம் பேசியிருக்கவில்லை.

"அங்கிள், எங்க ட்ரிப்லயும் அந்த மூணாவது நாள் நான் மேல போகல. ஷீட்ல ஒன்றரைக்கு லஞ்ச் ரெடின்னு இருந்துச்சு. யாராவது இருக்கணும்ல? நான் புதுசு, அதனால நான் இருந்தேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை, தகவல்போலச் சொன்னாள். அவள் கணவன், "ஏய், அதை ஏன் இப்ப..." என்றான். அவள் தன் இலையைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

எத்தனை வீடுகள், எத்தனை மூன்றாம் நாள்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருக்கிறது.

மகள் அடுப்படிக்குள் போய் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். "ஆமா" என்று ஒரே ஒரு சொல் எனக்குக் கேட்டது. வெளியே வந்த மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை சிரித்த சிரிப்பையெல்லாம் என்மேல் திருப்பிப் போட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

எல்லோரும் போன பிறகு, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மனம் இளகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒத்துக்கொண்டுவிட்டேனே, அதற்கு ஒரு கூலி வேண்டாமா? என் புத்தி அப்படி.

"யாரைக் கேட்டு அதைச் சொன்னீங்க?" என்றாள்.

"உண்மைதானே..."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதுங்களா? பதினெட்டு வருஷமா அதை நான் தூக்கிட்டுத் திரியறேன். என்கிட்ட வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களா? ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்றீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. இனி நான் எந்த வீட்டுக்குப் போனாலும் ஐயோ பாவம்னு பாப்பாங்க. முன்னால சிரிச்சாங்க, அது பரவால்லீங்க. பாவம் பாக்கறதை நான் என்ன பண்ணட்டும்?"

குழாயை மூடினேன்.

"நான் போறேன்" என்றாள். "பிள்ளை கூட நான் போறேன். நீங்க வர வேண்டாம்."

மறுநாள் மகளிடம், "அப்பா டிக்கெட்டை கேன்சல் பண்ணிரு கண்ணு" என்று அவளே சொன்னாள். மகள் காரணம் கேட்கவில்லை.

ஜூலையில் கிளம்பினார்கள். அரிசி எடுத்துப் போகவில்லை. புதுக் குக்கர் அன்று மூடிய பெட்டிக்குள்ளேயே அலமாரியில் இருக்கிறது. அந்தச் சிவப்புக் குல்லாவை மட்டும் எங்கிருந்தோ தேடி எடுத்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

அவர்கள் போன மறுநாள் அந்த அட்டவணையைத் திறந்தேன். ஒன்றரை மணி வரியை அழித்தேன். அங்கே இப்படி எழுதினேன்: "யாரும் சமைக்க வேண்டாம். எல்லோரும் மேலே போங்கள். மேலே உருளைக்கிழங்கு கிடைக்கும், சூப் கிடைக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு வேளை பட்டினி இருங்கள், செத்துவிட மாட்டீர்கள். அரிசியும் குக்கரும் கொண்டுபோகாதீர்கள். தேவாலயத்துப் பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இந்த ஊரை என்னைவிட நன்றாகப் பார்த்தவர் என் மனைவி. முந்தைய அட்டவணை தவறு, அந்தத் தவறு என்னுடையது." இதை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொருவர், "தேங்க்ஸ் அங்கிள், பழைய வெர்ஷன் இருந்தா அனுப்புங்க, அதுதான் கிளியரா இருந்துச்சு" என்று கேட்டார்.

அந்தச் சிகரத்து நேரடிப் படம் இப்போது இணையத்திலேயே வருகிறது. அவர்கள் அங்கே இருந்த ஐந்து நாளும் விடிந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தேன். இங்கே காலை ஆறு என்றால் அங்கே மதியம் பன்னிரண்டு. முதல் இரண்டு நாள் திரை வெள்ளையாக இருந்தது. மூன்றாம் நாளும் வெள்ளை. எந்தக் கடவுளையும் வேண்டிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. நான்காம் நாள் மேகம் விலகியிருந்தது. கம்பி ஓரமாக ஆட்கள் நின்றார்கள், எறும்பாட்டம். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று மூக்கு திரையில் முட்டும் வரை குனிந்து பார்த்தேன். நாலைந்து சிவப்பு இருந்தது. பத்து நொடிக்கு ஒருமுறை படம் மாறியது, ஆட்களும் மாறினார்கள்.

காலை எட்டு மணிக்கு நானே கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். பின்னால் குழந்தைகள் சத்தம், ஏதோ பாத்திரங்கள் இடிபடும் சத்தம், உணவகம்போல.

"போனியா?" என்றேன்.

"போனேனுங்க."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

காத்திருந்தேன். நீல வெளிச்சம், மூச்சில் புகை, மூன்று நாட்டு மலைகள் என்று போகாத இடத்தைப் பதினெட்டு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். ஏதாவது சொல்வாள் என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டுட்டு இருக்கோம்" என்றாள். "சுட்ட உருளைக்கிழங்கு, நல்லா இருக்கு. நீங்க ஏதாச்சும் பண்ணிச் சாப்பிட்டுக்குங்க."

அவள் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மேலே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வேறு யாரும் கேட்டாலும் சிரித்துவிட்டு, "போய்ப் பாருங்க" என்கிறாள். நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை.